காய்ச்சலில் படுத்த பாதி மனிதன்

அல்லிக் குளத்தின் கரையில் வயல் எலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. குளத்துக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு நாள் காலையில் அங்கிருந்து ஒரு வெள்ளெலி தப்பி வந்தது. கூண்டைக் கழுவியவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அந்த வெள்ளெலியின் பெயர் தும்பை.

"யாரப்பா நீ?" என்று கேட்டது சாமை. வயல் எலிகளுக்கு அதுதான் தலைவி.

"நான் பாதி மனுஷன்" என்றது தும்பை.

எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அங்கே குடியிருந்த மூக்காயி என்ற மூஞ்சூறு கிட்டே வந்து மோந்து பார்த்தது.

"எலி வாடைதானே வருது?"

"வெளியிலதான் எலி. என் ரத்தத்துல மனுஷ அணுக்கள் ஓடுது. மனுஷங்களுக்கு வர்ற சில நோய் சாதாரண எலிகளுக்கு வராது. அதனால என்னை மாதிரி எலிகளை வளர்த்து, அந்த நோய்களை ஆராய்ச்சி பண்றாங்க. பக்கத்துக் கூண்டுல இருந்தவனுக்கு மூளையிலேயே மனுஷ அணுக்கள்."

"அப்போ உன்னைவிட அவன்தான் பெரிய மனுஷன்?"

"அவனுக்கு அந்தப் பெருமையே தெரியலை. எப்பப் பார்த்தாலும் சக்கரத்துல ஓடிக்கிட்டே இருப்பான்" என்று வருத்தப்பட்டது தும்பை.

மனித உறவு இருந்தால் என்றைக்காவது உதவும் என்று எலிகள் நினைத்தன. மேட்டில் இருந்த நல்ல வளையைத் தும்பைக்குக் கொடுத்தன. முற்றிய நெல்லை அதற்கென்று எடுத்து வைத்தன.

மழைக்காலம் நெருங்கியது. வெள்ளம் வளைக்குள் புகாமலிருக்க எல்லோரும் வாயால் மண் அள்ளிக் கரை போட்டார்கள். தும்பை வரவில்லை.

"மனுஷங்க வாயால மண் அள்ளுவாங்களா? மண்வெட்டி கொண்டு வாங்க, வர்றேன்" என்றது.

குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்கவும் அதற்கு மனமில்லை. மனிதர்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் குடிப்பார்களாம். நாலு எலிகள் ஒரு கொட்டாங்கச்சியை உருட்டி வந்து அதன் வாசலில் வைத்தன. முதல் மழையிலேயே அது நிரம்பியது.

தேங்கிய தண்ணீரைப் பார்த்து, முட்டையிட ஒரு கொசு வந்தது. காலெல்லாம் வெள்ளை வரி.

"பத்து நாளைக்கு முன்னாடி ஆய்வுக்கூடத்துக் காவல்காரரைக் கடிச்சேன். பாவம், காய்ச்சல்ல அனத்திக்கிட்டிருந்தார்" என்று சொல்லிக்கொண்டே சாமையைக் கடித்தது. மூக்காயியைக் கடித்தது. பிறகு தும்பையின் காதில் உட்கார்ந்தது.

"அட, இதுல காவல்காரர் ருசி கொஞ்சம் இருக்கே!" என்றது கொசு.

தும்பைக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா, கொசுவே சொல்லிடுச்சு" என்று எல்லோரையும் கூப்பிட்டது. போதாததற்கு, இன்னொரு கடிக்குக் காலையும் நீட்டியது.

கொசு கடித்த ஐந்தாம் நாள் தும்பைக்கு உடம்பு கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்தியது. மூட்டு மூட்டாக வலித்தது.

"எல்லாரையும்தானே கடிச்சது? எனக்கு மட்டும் ஏன்?" என்று முனகியது.

"பாதி மனுஷனாச்சே. பாதிக் காய்ச்சலாவது வர வேண்டாமா?" என்றது மூக்காயி.

தும்பை சிரிக்கவில்லை. "பயமா இருக்கு மூக்காயி. கூண்டுல இப்படிப் படுத்த சில பேர் எழுந்திருக்கவே இல்லை."

அதற்குப் பிறகு மூக்காயி கேலி பேசவில்லை. அல்லி இலையை நனைத்துக் கொண்டுவந்து தும்பையின் நெற்றியில் போட்டது. சாமை பால் பிடித்த நெல்லை மென்று ஊட்டியது. வெளியே மழை வலுத்தது. குளம் ஏறியது. எலிகள் தங்கள் வளைகளைக் கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நோயாளியின் வளையைச் சுற்றித்தான் முதலில் மண்ணை உயர்த்தின. உள்ளே படுத்திருந்த தும்பைக்கு அவர்களின் நகங்கள் மண்ணைப் பறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காய்ச்சல் வந்து ஆறாம் நாள் அது விட்டது. தும்பை எலும்பும் தோலுமாக வெளியே வந்தது. சாமையின் வளை வாசலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நின்றது. தும்பை குனிந்து, வாய் கொள்ளுமட்டும் சேற்றை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தது.

வழியில் ஒரு தவளை அதை நிறுத்தியது. "பாதி மனுஷன்னு யாரோ இங்கே இருக்காங்களாமே, நீதானா?"

தும்பை சேற்றைத் துப்பிவிட்டுச் சொன்னது: "காய்ச்சல் வந்தா மட்டும். மத்த நேரத்துல எலிதான். தள்ளிக்கோ, வேலை கிடக்கு."

யாருடைய ரத்தம் நம் உடம்பில் ஓடுகிறது என்பதைவிட, நாம் படுத்துக் கிடக்கும்போது யார் வந்து பார்க்கிறார்கள் என்பதே நம் சொந்தம் யாரென்று காட்டும்.