இரண்டு பொம்மைக்கு நான்கு நிழல்

தூத்துக்குடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் வாசலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். இந்தக் கதையில் வருகிற அத்தனை வயிற்றெரிச்சலும் அந்த ஷோகேஸின் நடு இடத்துக்காகத்தான். முதலாளி சூசையா அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்திருந்தார். நடுவில் யார் எடுத்த படம் தொங்குகிறதோ, கடைச் சாவி அவர் பொறுப்பு.

பல வருஷமாக அங்கே தொங்கியது மருதப்பன் எடுத்த மணப்பெண் படம். வெயில் பட்டு அது வெளுத்துப்போகவே, அண்ணாச்சி கழற்றிவிட்டு, சாவியையும் தன்னிடமே வாங்கி வைத்துக்கொண்டார். புதுப்படம் மாட்டவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மருதப்பனுக்குப் பக்கென்றது. காரணம், உடன் வேலை செய்யும் ஜெசிந்தா. நேற்று வந்த பெண். கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் சிறுமியை அவள் எடுத்த புதுநன்மைப் படம் ஒன்று ஓரத்தில்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதென்னவோ அதைத்தான். கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் மருதப்பன் முகத்துக்கு நேராகவே, அந்தப் பொண்ணு வராதா என்று கேட்டார்கள். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. "அண்ணே, டீ சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டால்கூட அதில் ஏதோ நக்கல் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

இந்த லட்சணத்தில்தான் டீக்கடையில் ஒருவர் செல்போனில் நிலாவில் மனிதன் இறங்கிய படம் ஒன்றைக் காட்டி அண்ணாச்சியை மடக்கினார். படத்தில் கல்லின் நிழல் ஒரு பக்கம் சாய்கிறது, மனிதனின் நிழல் வேறு பக்கம். ஒரே சூரியன் என்றால் இரண்டும் ஒரே பக்கம்தானே விழ வேண்டும்? ஆகவே இது ஏதோ ஸ்டுடியோவில் இரண்டு விளக்குப் போட்டு எடுத்தது, நிலாவுக்குப் போனதெல்லாம் சுத்த டூப் என்றார் அவர். வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவர் நீங்கள், சொல்லுங்களேன் என்று சீண்டவும் செய்தார். அண்ணாச்சி பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார். அது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் போய்விட்டது.

கடைக்கு வந்ததும் இருவரையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு படம் எடுத்து வாருங்கள். விளக்கு ஒன்றா இரண்டா என்று எந்தப் படம் தீர்த்துச் சொல்கிறதோ, அதுதான் நடுவில் தொங்கும் என்றார்.

ஜெசிந்தா விடிந்ததும் உப்பளத்துக்குப் போனாள். தரை சமமாக, வெள்ளையாக இருக்கிற இடம். இரண்டு கம்புகளைத் தள்ளித் தள்ளி நட்டு, அவற்றுக்கு நடுவே எதிரே எழும் சூரியனைப் பார்த்துக் கேமராவைத் தாழ வைத்து எடுத்தாள். தரையில் நிழல்கள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் கிடந்தன. படத்திலோ, தண்டவாளம் நம் காலடியில் அகன்று தெரிவதுபோல, ஒன்று இடது மூலைக்கும் மற்றது வலது மூலைக்கும் விரிந்து ஓடியது.

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மருதப்பன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். ஒரே சூரியன், நிழல் இரண்டு பக்கம். போச்சு, சாவி கைவிட்டுப் போச்சு என்று பதறினார். அவள் ஒன்று என்று காட்டினால் நான் இரண்டு என்று காட்டுகிறேன் என்று கறுவினார். கறுப்புத் துணி கட்டி, தரையில் உப்பைப் பரப்பி, இரண்டு மண் பொம்மைகளை நிறுத்தி, கல்யாண மேடைக்குப் போடுவதுபோல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குப் போட்டார்.

படத்தை அச்சடித்துப் பார்த்தால், ஒவ்வொரு பொம்மைக்கும் இரண்டு நிழல். ஆக நான்கு. கல்யாண ஆல்பத்தில் வேண்டாத நிழலை அழிப்பது அவருக்கு அன்றாட வேலை. நிழல் என்ன, பெண் வீட்டாருக்குப் பிடிக்காத சொந்தக்காரரையே படத்திலிருந்து காணாமல் அடித்தவர். டச்சப் தானே என்று சொல்லிக்கொண்டே பொம்மைக்கு ஒரு நிழலாக அழித்தார். இப்போது ஒன்று இப்படி, ஒன்று அப்படி. முதல் அச்சை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அண்ணாச்சி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் நிழல் விரிகிறது. ஒரு விளக்கிலும் விரியும், இரண்டு விளக்கிலும் விரியும் என்றால் எதுவும் தீரவில்லையே. சரி, மூத்தவன் கையிலேயே இருக்கட்டும் என்று சாவிக்கொத்தை எடுத்தார். மருதப்பன் கையை நீட்டியும் விட்டார்.

அப்போது ஜெசிந்தா ஒரு படத்தை மேஜைமேல் வைத்தாள். நடுவில் டேப் போட்டு ஒட்டிய படம். அட்டைத் துண்டு தேடிக் குப்பைக்கூடையைக் கிளறியபோது கிடைத்ததாம்.

"இதுவும் மருதப்பன் அண்ணன் எடுத்ததுதான், அண்ணாச்சி. என் படத்தைவிட இதுதான் தீர்த்துச் சொல்லுது. நிலாப் படத்துல கல்லுக்கு எத்தனை நிழல்னு எண்ணிப் பாருங்க."

 திருட்டுத்தனம் என்று அவள் கத்தியிருந்தால் மருதப்பனும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவளோ அவர் பெயரைச் சொல்லியல்லவா நீட்டுகிறாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தீர்த்துச் சொன்ன படத்தை எடுத்தவர் மருதப்பன். அதைக் கிழித்துப் போட்டவரும் அவரே. அதில் என்ன இருக்கிறது என்று கண்டு எடுத்துக் காட்டியவள் ஜெசிந்தா. நடு இடம் யாருக்கு, சாவி யாருக்கு?

விடை: ஜெசிந்தாவின் படம், ஒரே சூரியனிலும் நிழல் விரியும் என்று மட்டுமே சொன்னது. கிழிந்த படமோ, விளக்கு இரண்டானால் ஒவ்வொரு பொருளுக்கும் நிழலும் இரண்டாகும் என்றது. நிலாப் படத்தில் கல்லுக்கு ஒரு நிழல், மனிதனுக்கு ஒரு நிழல். ஆகவே விளக்கு ஒன்றுதான். சொன்ன சொல் தவறாமல் அண்ணாச்சி கிழிந்த படத்தை நடுவில் மாட்டி, கீழே மருதப்பன் பெயரையும் எழுதினார். சாவியை மட்டும், பழைய வழக்கத்தை மீறி, ஜெசிந்தாவிடம் கொடுத்தார். "படம் உன்னுதுதான் மருதப்பா. அவ படத்தையே பார்த்துக்கிட்டு இருந்ததுல உன் படத்தை நீ பார்க்கலையே" என்றார். இப்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பது அந்த ஒட்டுப்போட்ட படத்தைத்தான். மருதப்பனும் தினம் காலையில் அதன் முன்னால் நிற்கிறார், ஜெசிந்தா வந்து கடையைத் திறக்கும் வரைக்கும்.