பக்கத்துக் கல்லுக்காரி

ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிய சேந்தன் மூன்றாம் நாளே குன்றுப் பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டான். அம்மாவுக்கென்று கொண்டுபோன புடவை மூட்டைக்குள் அப்படியே இருந்தது.

அந்தப் பள்ளியில் எழுத்துச் சொல்லித் தந்தவர் ஒரு பெண். பெண் குருவைக் குரத்தி என்பது அந்தக் காலத்து வழக்கம். நாற்பது வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால், கேட்டவர் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அன்றைக்கு அவர் முற்றத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகலையா?"

"இல்லை குரத்தியம்மா. ஏரிக்கரை வரைக்கும் போனேன்."

"அங்க என்ன?"

"கல்லைப் படிச்சேன்."

முறம் நின்றது. அவன் கல்லைப் படிப்பதற்காகத்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் குன்றேறி வந்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஏரிக்கரையில் நான்கு நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், மாடுகளை ஓட்டிக்கொண்டுபோன கூட்டத்தைத் துரத்திப் போய், மாடுகளை மீட்டுவிட்டு அங்கேயே விழுந்த நான்கு பேரின் கற்கள் அவை. ஊர்த் தலைவர் ஒரே சிற்பியை வைத்து ஒரே மாதத்தில் நான்கையும் செதுக்கி முடித்துவிட்டார். நான்கு பேரும் இடது காலை மடக்கி வில்லைப் பிடித்து நிற்பார்கள். நான்கு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. அந்தச் சிற்பிக்கு வேறு மீசை செதுக்க வராது போலிருக்கிறது. கீழே பெயரை மட்டும் வேறு வேறாக வெட்டி, மாடு மீட்டுப் பட்டான், அதாவது செத்தான், என்று எழுதியிருந்தான். அதைப் படிக்கத்தான் அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நால்வரில் ஒருவர் சேந்தனின் அப்பா வாணன். அப்போது சேந்தனுக்கு நான்கு வயது. தங்கை அத்தி கைக்குழந்தை. அம்மா நங்கை பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சேதி கொண்டுவந்த ஆள், "ஏரிக்கரையில் மூணாவது கல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் ஆடியிலும் நங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறும்போது போய்ச் சேரலாம். ஒரு குடுவைத் தேன், தினைமாவு, ஒரு மயில்பீலி. சேந்தனுக்கு அந்த நடை பிடிக்கும். போனதும் அம்மா அவனை மூன்றாவது கல்லோடு ஒட்டி நிற்கவைத்து உயரம் பார்ப்பாள். "அப்பா இடுப்புக்கு வந்துட்ட" என்பாள். அடுத்த வருஷம், "மார்புக்கு வந்துட்ட." அவன் கல்லைத் தாண்டி வளர்ந்த வருஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பிடிக்காதது ஒன்றுதான். தேனை ஊற்றி முடித்ததும் அம்மா கல்லின் முன்னால் உட்கார்ந்து புகார் சொல்ல ஆரம்பிப்பாள். "உங்க பிள்ளை லட்சணத்தைக் கேளுங்க. ஆட்டை மேய்க்க அனுப்பினா மரத்தடியில தூங்கறான். ஓநாய் குட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கு, துரைக்குத் தெரியலை." அப்பா மீசையோடு பார்த்துக்கொண்டே நிற்பார். சேந்தனுக்கு அழுகை வந்துவிடும்.

பக்கத்துக் கல்லில்தான் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். நடந்து வந்த களைப்புக்கு அதில் சாய்ந்து உட்கார்வார்கள். அத்தி அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவாள். ஆனால் அந்தக் கல்லுக்கும் யாரோ வந்துபோவது தெரிந்தது. எப்போது போனாலும் அதில் எண்ணெய் மின்னும். காலடியில் நெய்விளக்கு எரிந்த அகல் இருக்கும். நங்கைக்கு வயிறு எரியும்.

"பக்கத்துக் கல்லுக்காரி நெய்யில விளக்கு வச்சிருக்கா பாருடா. யாரு பெத்த மகராசியோ! நமக்கு நெய்க்கு எங்க போறது?"

அடுத்த முறை தேன் கொஞ்சம் கூடுதலாக வரும்.

சேந்தன் பெரியவன் ஆனதும் நங்கை சொன்னாள்: "உங்க அப்பன் பேரு அந்தக் கல்லுல இருக்காம். நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை அதை யாராவது படிச்சுக் கேக்கணும். வேத்தாள் வேணாம். நீயே படிச்சுட்டு வா." அவன் ஐந்து வருஷம் படித்தான். இந்தத் தை மூன்றாம் நாள் கல்லின் முன்னால் படித்துக் காட்டுவதாக அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டான். ஆசை தாங்காமல், வீட்டுக்குப் போகும் வழியில் தனியாக ஏரிக்கரைக்குப் போனதுதான் வினையாகிவிட்டது.

"மூணாவது கல்லுல என்ன இருக்கு?" என்றார் குரத்தி.

"கூவலூர்க் கண்டன்னு இருக்கு. அப்பா பேரு பக்கத்துக் கல்லுல இருக்கு."

"எப்படி மாறிச்சு?"

"சேதி சொன்ன ஆள் கிழக்கே நின்னு எண்ணியிருக்கான். நாங்க மேற்கே வேம்பனூர்லேருந்து வந்தோம். அம்மா மேற்கேருந்து எண்ணிட்டா. நாலு கல்லுல ரெண்டு பக்கமும் ஒரு மூணாவது இருக்கே." அவன் மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தான். "எங்க அப்பா கழுத்துல மூட்டையைத் தொங்கவிட்டிருக்கோம். அத்தி அவர் தலைமேல ஏறி உட்கார்ந்திருக்கா."

"மக தலைமேல ஏறினா எந்த அப்பனுக்குக் கோபம் வரும்?"

சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அது போகட்டும். அம்மா வந்து 'படி'ன்னு நிப்பா. உள்ளதைப் படிச்சா அவ இருபத்திரண்டு வருஷம் அழுதது வீணாப்போச்சுன்னு ஆயிடும். தாங்கமாட்டா. மாத்திப் படிச்சா, உங்ககிட்ட நான் எழுத்துக் கத்துக்கிட்டதுக்கு அர்த்தமே இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

குரத்தி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அந்தப் பக்கத்துக் கல்லுக்காரி யாரு?"

"தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை யாரோ வர்றாங்கன்னு ஏரிக்காவல்காரன் சொன்னான்."

"நாளை மறுநாள் அமாவாசை. போய்ப் பாத்துட்டு வா. வாயைத் திறக்காதே. பார்த்தால் போதும்."

அவன் போனான். கரையோரப் புங்கமரத்தடியில் வழிப்போக்கனைப் போல உட்கார்ந்துகொண்டான். காலைவெயில் இதமாக இருந்தபோது கிழக்கேயிருந்து ஒரு கிழவி தனியாக வந்தாள். இடுப்பில் ஒரு எண்ணெய்க் கலயம். நேராக அவன் அப்பா கல்லுக்குப் போனாள்.

"கண்டா, எழுந்துட்டியா?" என்றாள்.

அவள் கல்லைக் கழுவினாள். காலிடுக்கில் அடைந்திருந்த மண்ணைச் சுள்ளியால் நோண்டி எடுத்தாள். கலயத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தாள். காதுமடலுக்குப் பின்னாலும் தேய்த்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தபோது, சட்டென்று புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

"கண்ணை மூடிக்கடா. எரியும்."

சேந்தன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"உனக்குன்னு பாத்து வச்சிருந்தேனே ஒரு பொண்ணு, அவளுக்குப் பேரன் பொறந்திருக்கான்டா. கறுப்பா, அழகா இருக்கான்" என்றாள் கிழவி. பிறகு பக்கத்துக் கல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இவ எவளோ தேனா ஊத்தி எறும்பைக் கூட்டி வச்சிருக்கா. உன்மேல ஏறுதா? சொல்லு, ஏறுதா?"

இரண்டு கல்லுக்கும் நடுவில் சாம்பலைத் தூவிவிட்டு, விளக்கேற்றிவிட்டுப் போனாள்.

சேந்தன் குன்றுக்கு ஓடிவந்து ஒன்று விடாமல் சொன்னான். "கண்டனோட அம்மா அது. அவங்க போனப்புறம் கூவலூர்ல விசாரிச்சேன், கொற்றின்னு பேராம். அவன் சாகும்போது பத்தொன்பது வயசாம், கல்யாணம்கூட ஆகலையாம். அந்தப் பாட்டிக்கும் யாரோ மூணாவதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க கிழக்கேருந்து எண்ணிட்டாங்க."

"உன் அப்பாவோட அம்மா?"

"அப்பாவைப் பெத்ததும் போயிட்டாங்களாம்."

குரத்தி, எழுத்துச் சொல்லித் தரும்போது திருத்துவாரே, அந்த முகத்தோடு அவனைப் பார்த்தார்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்ற? சொல்ல வேண்டிய இடம் வேம்பனூர்ல இருக்கு."

"நீங்களும் வரணும்" என்றான் சேந்தன். எழுத்து நன்றாகத் தெரிந்தவன்தான், ஆனால் தனியாக நிற்கப் பயமாக இருந்தது. குரத்தி தலையை ஆட்டினார்.

தை மூன்றாம் நாள் நங்கை தேன்குடுவையோடு வந்தாள். அத்தி பிள்ளை பெற்றிருந்ததால் அவளால் வர முடியவில்லை. நங்கை குரத்தியை விழுந்து கும்பிட்டாள். மூன்றாவது கல்லைத் துடைத்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணைப் போலக் கொஞ்சம் வெட்கத்தோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"ம். படிடா."

சேந்தன் குரத்தியைத் திரும்பிப் பார்த்தான். குரத்தி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிற மாதிரி தெரியவில்லை.

"கூவலூர்க் கண்டன்... மாடு மீட்டுப் பட்டான். அவன் கல்."

"யாரது கண்டன்?"

"வேற ஆளும்மா."

"சரியாப் பாத்துப் படி."

"சரியாத்தான் படிச்சிருக்கான்" என்றார் குரத்தி.

சேந்தன் அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்துக் கல்லுக்குக் கூட்டிப்போனான். எழுத்தின்மேல் அவள் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தான். "வேம்பனூர் வாணன். மாடு மீட்டுப் பட்டான். அவன் கல்."

நங்கை விரலை எடுக்கவில்லை. எத்தனை முறை முதுகைச் சாய்த்த கல் அது! "ஐயோ" என்றாள், மெதுவாக. கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சேந்தன் கிழவியைப் பற்றிச் சொன்னான். மண் நோண்டியதை, காதுக்குப் பின்னால் எண்ணெய் தேய்த்ததை, "கண்ணை மூடிக்கடா" என்றதை, எல்லாம் சொன்னான். நங்கை கையை உயர்த்திக் கல்லின் நெற்றியைத் தொட்டாள். இருபத்திரண்டு வருஷ எண்ணெய் ஊறி அது வழவழவென்று இருந்தது.

"அவருக்கு அம்மா முகமே தெரியாது" என்றாள். "காய்ச்சல் வந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. தலையைத் தடவினா, 'எங்க அம்மா இருந்தா இப்படித்தான் தடவியிருப்பாளா'ன்னு கேப்பாரு. எனக்கென்ன தெரியும்? எனக்கே அப்ப வயசு பதினெட்டு." அவள் வாய்விட்டு அழுதாள். அது சேந்தன் பயந்த அழுகையாக இல்லை.

அழுது முடித்துவிட்டு, சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்ப அந்தக் கண்டன் கல்யாணம் ஆகாதவனா?"

"ஆமாம்மா."

நங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அடக் கடவுளே! புருஷன்னு நெனச்சு அந்தப் பையன்கிட்ட நான் என்னென்னவோ சொல்லியிருக்கேனேடா!"

குரத்தி சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை ஐந்து வருஷத்தில் சேந்தன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

நங்கை எழுந்து தேன்குடுவையை எடுத்தாள். எந்தக் கல்லுக்குப் போவாள் என்று சேந்தன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தயங்காமல் கண்டனிடம் போய், வழக்கம்போல ஊற்றினாள், எறும்புக்குப் பயந்து கொஞ்சம் குறைவாக.

"என் ஆளைத்தான் அந்த அம்மா பாத்துக்கறாங்களே. இவனை நான் விட்டுட்டா யாரு இருக்கா?"

"அந்தப் பாட்டிக்கு யாரும்மா சொல்றது?"

"நீ சும்மா இரு. வர்ற அமாவாசைக்கு நானே வரேன். அது நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்க வேண்டியது."

கிளம்பும் நேரம் ஆயிற்று. நங்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். மறுபடி நின்றாள். குரத்தியின் பக்கத்தில் வந்து, மகனுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

"குரத்தியம்மா, நாளைக்கு நான் மேல போனா அந்த மனுஷன் கேப்பாரே. 'ஏண்டி, பக்கத்துலயே நின்னேனே, இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா'ன்னு. நான் என்ன சொல்லுவேன்?"

குரத்தி இரண்டு கற்களையும் பார்த்தார். நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை.

"நங்கையக்கா, இருபத்திரண்டு வருஷமா ரெண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிக்கிறாங்க. நீங்க சொன்னதையெல்லாம் அந்தப் பையன் திரும்பி அவர்கிட்ட சொல்லாமலா இருந்திருப்பான்?"