வாய் மூடிய கடற்பாசி

அந்தக் காலத்தில் கடலடியில் கிடக்கிற பாசிக்குக்கூட வாய் இருந்தது. ஜப்பான் பக்கத்துக் கதை இது. அங்கே கொம்பு என்று ஒரு கடற்பாசி உண்டு. பெயரைக் கேட்டு மாட்டுத் தலையைத் தேடாதீர்கள். தோல்வார் மாதிரி அகலமாக, கறுப்பாக, ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். அதை வெயிலில் காயவைத்து வீட்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். நம் வீட்டு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அவர்கள் வீட்டு சூப்புக்கு இந்தப் பாசி ஊறிய தண்ணீர் அப்படி.

காலையில் ஒரு துண்டைச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால், தண்ணீர் வெதுவெதுப்பாகும்போது பாசி கண் விழிக்கும். மத்தி எந்தப் பக்கம் போயிற்று, நீரோட்டம் எங்கே திரும்பியது என்று தான் கண்டதைச் சாவகாசமாகச் சொல்லும். பெண்கள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்பார்கள். சொல்லி முடித்ததும் அதுவாக அடங்கிவிடும். அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் சாறு கசக்காது. சூரைக் கருவாட்டைச் சீவிப் போட்டு, சோயாவைப் புளிக்கவைத்த மிசோவைக் கரைத்துவிட்டால் வேலை முடிந்தது. பாசி பொய் சொல்லாது என்பது ஊரறிந்த சங்கதி.

அப்படியொரு தீவில் ஒமிட்சு என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கிஹேய் மீன்பிடிக்கிறவன். அவனும் அவன் கூட்டாளி தொராஸோவும் ஒரே படகில் போவார்கள், ஒரே படகில் வருவார்கள். இலையுதிர் காலத்துப் புயல் ஒன்றில் தீவு முனையில் படகு கவிழ்ந்தது. தொராஸோ மட்டும் நீந்தி வந்து கரையேறினான். கிஹேய் வரவில்லை.

“அண்ணி, அலையில பிரிஞ்சுட்டோம்” என்றான் தொராஸோ. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. ஒமிட்சு அழுதாள். அழுது ஓய்ந்ததும் யோசிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வந்தது வினை.

தினமும் விடிந்ததும் தொராஸோ நாலு மீனைக் கொண்டுவந்து அவள் வாசலில் வைப்பான். முகத்தைப் பார்க்கமாட்டான், குனிந்த தலை நிமிராமல் போய்விடுவான். முதலில் பாவம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிறகு, இவன் ஏன் எனக்கு மீன் போடுகிறான் என்று தோன்றியது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? ஏன் முகத்தைப் பார்க்க மறுக்கிறான்? குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்? அவன் இருமினால் அதில் ஒரு அர்த்தம், இருமாவிட்டால் இன்னொரு அர்த்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கோ பட்டப்பகலே இருண்டுவிட்டது. அவன் கொண்டுவந்த மீனைத் தின்னாமல் பூனைக்குப் போட்டாள். பூனை உயிரோடிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

அண்டை வீட்டார் அவன் நல்லவன் என்றார்கள். உடனே அவர்கள் மேலும் சந்தேகம் வந்தது.

படகு கவிழ்ந்த முனையில் புயலுக்குப் பிறகு பாசி ஒதுங்கியிருந்தது. ஒமிட்சு போய் அள்ளி வந்து காயவைத்தாள். ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டியில் அதைப் போட்டு அடுப்பை மூட்டினாள். பாசி மெல்ல விரிந்தது, கண் விழித்தது, வழக்கம்போல மத்தியைப் பற்றி ஆரம்பித்தது. மத்தியெல்லாம் இருக்கட்டும், படகு கவிழ்ந்ததைச் சொல் என்றாள்.

பாசி நிதானமாகவே சொன்னது. தான் தரையில் வேர்பிடித்து நிற்பதால் மேலே நடப்பது தெரியாது என்றது. பார்த்தது கால்களை மட்டும். ரெண்டு ஜோடிக் கால்கள் ஒரு பலகைக்குக் கீழே தவித்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜோடி விலகிக் கரைப்பக்கம் போனது. இன்னொரு ஜோடி பலகையோடு நின்றது. அவ்வளவுதான்.

“விலகிப் போனவன் மத்தவனை உதைச்சானா?” என்று கேட்டாள்.

“உதைச்சதை நான் பார்க்கலை, தாயே.”

அதோடு விட்டிருக்கலாம். விடுவாளா? நீயும் அவனுக்கு உடந்தையா என்று விறகைத் தள்ளினாள். தண்ணீரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. பாசி அதையே மறுபடியும் சொன்னது. ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாசி புரண்டது, சுருண்டது, என்னை எடுத்துவிடு என்று கெஞ்சியது. உண்மையைச் சொன்னால் எடுக்கிறேன் என்றாள் ஒமிட்சு. உண்மையைத்தான் அது முதலிலேயே சொல்லிவிட்டதே! அவளுக்கு வேண்டிய உண்மை அது இல்லை. கேட்டுக் கேட்டு இன்னும் ரெண்டு கட்டையைச் செருகினாள்.

“உதைச்சான்” என்றது பாசி. “பலகையைப் பிடுங்கிக்கிட்டு உதைச்சான். நீ என்ன சொல்றியோ அதான். எடுத்துடு.”

அவள் எடுத்தாள். கடைசி வரியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஓடினாள்.

பாசியே சொல்லிவிட்டது என்றால் அப்பீல் ஏது? ஊர் கூடியது. தொராஸோவை ஒரு பழைய படகில் ஏற்றி, தீவை விட்டுப் போ என்றார்கள். வாடைக் காற்று ஊளையிடுகிற பருவம் அது. அந்தக் கடலில் யாரும் படகு இறக்கமாட்டார்கள். அவன் சண்டை போடவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“அண்ணி, நான் உதைக்கலை. ஆனா அவனை விட்டுட்டு வந்தேன். அதனாலதான் உங்க முகத்தைப் பார்க்க முடியலை.”

பார்த்தீர்களா, எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் ஒமிட்சு. படகு போனது.

பனி உருகியதும் வடக்கிலிருந்து வந்த சரக்குப் படகில் கிஹேய் வந்து இறங்கினான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. பலகையோடு வடக்கே ஒரு கரையில் ஒதுங்கியவன், கடல் அடங்குகிறவரை அங்கேயே கிடந்திருக்கிறான். ஒமிட்சு அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் அவள் தலையைத் தடவியபடி சுற்றுமுற்றும் பார்த்தான்.

“தொராஸோ எங்கே? அந்தப் பலகை ரெண்டு பேரைத் தாங்கலை. எனக்குக் கை முறிஞ்சிருந்தது. என்னை அதுல படுக்கவெச்சுட்டு அவன்தான் கையை விட்டான். கரை சேர்ந்தானா?”

ஊர்த்தலைவர் நடந்ததைச் சொன்னார். ஒமிட்சு வீட்டுக்கு ஓடினாள். அடுப்பை மூட்டினாள், அந்த வாரம் கரை ஒதுங்கிய பாசியைச் சட்டியில் போட்டாள். தொராஸோ இருக்கிறானா, எந்தக் கரையில் இருக்கிறான், அதை மட்டும் சொல்லு என்று மன்றாடினாள். தண்ணீர் வெதுவெதுப்பானது. பாசி விரிந்தது. கண் விழிக்கவில்லை. கிஹேய் பின்னாலேயே வந்து நின்று கேட்டான். அவனுக்கும் பதில் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அன்று எந்தச் சட்டியும் பேசவில்லை. வதைத்துப் பொய் சொல்லவைத்து ஒருத்தனைத் துரத்திவிட்டார்களே என்று கடலில் இருக்கிற பாசியெல்லாம் கூடிப் பேசி, மனுஷனிடம் இனி வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. மீறிக் கொதிக்கவைத்தால் கொழகொழப்பையும் கசப்பையும் கக்குவது என்றும் வைத்துக்கொண்டன.

சட்டியின் ஓரத்தில் குமிழி வந்தது. ஒமிட்சு விறகைப் பார்த்தாள். பிறகு அழுதபடியே பாசியைத் தூக்கி, நோகாமல் ஒரு தட்டில் வைத்தாள்.

தொராஸோ என்ன ஆனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று தொட்டுத்தான் அந்த நாட்டு அடுப்படிகளில், தண்ணீர் கொதிக்கும் முன்பே பாசியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் கேட்பதில்லை.