முட்டிக்குள்ள ஒரு கறுப்பு

"மேடம், என் மெஷின் பொய் சொல்லுது" ன்னாரு டாக்டர் குலசேகர்.

சொல்லிட்டுக் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. மூணு மாடி. லிஃப்ட் ரிப்பேர். ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, செவுத்துல மாட்டியிருக்கிற விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி மூச்சு வாங்கிட்டு வந்திருந்தாரு.

டாக்டர் நஸ்ரீன் அப்பதான் டீ குடிக்க உக்காந்திருந்தாங்க. திருச்சியில ஸ்கேன் பாக்கறதுல அவங்க கை தனிக் கை. வயசு என்னவோ முப்பத்தஞ்சுதான். குலசேகர் அறுபதைத் தொட்டவரு. பெரியாஸ்பத்திரியில எலும்பு டாக்டரா இருந்து ரிடையராகி, இப்போ ஒரு விளையாட்டு விடுதிக்கு டாக்டர். விடுதியில புதுசா அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கிப் போட்டாங்க. அதைக் கத்துக்கத்தான் இவர் இங்க வர்றது.

"என்ன பொய் சார்?"

"அமலின்னு ஒரு பொண்ணு. டிரிபிள் ஜம்ப். தொடையில கொழுப்பு எவ்வளவுன்னு காலையில பாத்தேன். கம்பி மாதிரி இருந்தா. சாயங்காலம் பாத்தா ஏறியிருக்கு. கோச் புடிபுடின்னு புடிச்சுட்டாரு, மத்தியானம் என்னத்தைத் தின்னேன்னு. ரெண்டு சப்பாத்தி சார்னு அழுவுறா. ரெண்டு சப்பாத்தி நேராத் தொடையில போயா மேடம் உக்காரும்?"

நஸ்ரீன் தன் தட்டை முன்னால இழுத்தாங்க. தட்டுல ஒரு பன் இருந்துச்சு. அதை அவர் பக்கம் தள்ளினாங்க.

"இது எவ்வளவு கனம் சார்?"

"பன்னா?"

"பன்தான்."

குலசேகர் விரலை வச்சு, இவ்வளவுன்னு காட்டினாரு.

நஸ்ரீன் பன் மேல கட்டை விரலை வச்சு ஒரே அமுக்கு.

"இப்போ?"

பன் தோசையாயிருந்துச்சு.

"காலையில பாத்த பன் வேற, இது வேறயா சார்?"

குலசேகர் பன்னைப் பாத்தாரு. அப்புறம் தன் கட்டை விரலைப் பாத்தாரு. காலமெல்லாம் முறிஞ்ச எலும்பை இழுத்து வச்ச விரல். தோல் மேல வச்சு ஸ்கேன் பாக்கற புரோபைப் புடிச்சாலும் அது அமுக்கி எலும்பைத்தான் தேடும்.

விடுதியில மல்யுத்தப் பசங்க எல்லாம் தன்கிட்ட மட்டும் ஏன் வரிசையில நிக்கறாங்கன்னு அவருக்கு அப்பதான் விளங்குச்சு. அவர் ஒரு தடவை ஸ்கேன் பண்ணினா, ஒரு வாரம் பட்டினி கிடந்த மாதிரி கொழுப்பு கம்மியா வரும்.

"சாப்புட்டுப் போங்க சார். டேஸ்ட் மாறாது" ன்னாங்க நஸ்ரீன்.

*

அதுக்கப்புறம் குலசேகர் ஆளே மாறிட்டாரு.

ஸ்கேனுக்குத் தடவுற ஜெல்லியை அள்ளிக் குவிப்பாரு. அந்தக் குவியல் மேல புரோபை மயிலிறகு மாதிரி ரெண்டே விரல்ல தொங்க விடுவாரு. தோலுக்கே தெரியாது. காலையில பாத்ததும் சாயங்காலம் பாத்ததும் ஒண்ணாவே வந்துச்சு.

மல்யுத்தப் பசங்களுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

"சார், எங்க மேல ஏதாவது கோவமா?"

"இல்லடா."

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே சார் பாத்தீங்க."

அமலி மட்டும் சிரிச்சா. மறுபடி ரெண்டு சப்பாத்தி சாப்பிட ஆரம்பிச்சா.

*

சனிக்கிழமை தேர்வு. அதுல தாண்டினா அமலிக்குத் தேசிய முகாம். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு சொந்த ஊரு மணப்பாறைக்குப் போகணும். அந்த வருஷத்தோட விடுதியில அவளுக்கு வயசு முடியுது. களத்துல இறங்குறதுக்கு முன்னால டாக்டர் ஒருத்தர் முட்டியைப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போடணும். அதுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை குலசேகர் அமலி முட்டியில ஜெல்லியைக் குவிச்சாரு. ரெண்டு விரல்ல புரோபைத் தொங்க விட்டாரு.

முட்டிச் சில்லுக்குக் கீழ ஒரு தசைநாண் ஓடும். ஓடுறதும் தாண்டுறதும் அதை நம்பித்தான். திரையில அது வெள்ளை வெள்ளையா, முறுக்கின கயிறு மாதிரி தெரியணும்.

நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை.

எடுத்துட்டு மறுபடி வச்சாரு. அதே கறுப்பு. அதே இடம்.

பக்கத்துல கோச் தெய்வசிகாமணி நின்னாரு. அவர் விசிலை வாயிலேர்ந்து எடுத்து யாரும் பாத்ததில்ல. திட்டுறது, கொஞ்சுறது, சாமி கும்புடறது எல்லாம் விசிலோடதான். பெருமூச்சு விட்டா அதுவும் ஊதும்.

"என்ன சார் தெரியுது?"

"கிழிஞ்சிருக்கு தெய்வம்."

விசில் கீச்சுன்னு சின்னதா ஒரு சத்தம் போட்டுச்சு.

"எனக்கு வலிக்கலையே சார்" ன்னா அமலி.

"உனக்கு வலிக்காதும்மா. படத்துல தெளிவாத் தெரியுது."

"அப்போ படத்தைப் படுக்க வைங்க சார். நான் எதுக்குப் படுக்கணும்?"

"வாயை மூடு" ன்னாரு கோச். விசில்தான் கேட்டுச்சு.

சொல்லிட்டாளே தவிர, அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. கட்டில் விரிப்பைப் புடிச்ச கையை அவ விடவே இல்ல.

"கையெழுத்து?" ன்னாரு கோச்.

குலசேகர் பேனாவைத் தொடல. "ஆட்டோ கூப்புடுங்க. மேடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்."

*

மூணு மாடி. லிஃப்ட் இன்னும் ரிப்பேர்.

அமலி ரெண்டு ரெண்டு படியா ஏறிப் போயி மேல நின்னு கைப்பிடிச் சுவர்ல தலையை நீட்டினா. கோச் பின்னாலயே ஊதிக்கிட்டே போனாரு. குலசேகர் எல்லாத் திருப்பத்துலயும் நின்னு விளம்பரம் படிச்சாரு.

நஸ்ரீன் அவர் போன்ல இருந்த படத்தை வாங்கிப் பாத்தாங்க.

"நல்லாத் தெளிவா இருக்கு சார்."

"கிழிசல்தானே மேடம்?"

"நீங்க பேண்ட்டை மடக்குங்க."

"நானா?"

"நீங்கதான். கட்டில்ல உக்காருங்க. புரோபை நீங்களே புடிங்க."

குலசேகர் பேண்ட்டை முட்டிக்கு மேல சுருட்டிக்கிட்டு உக்காந்தாரு. ஜெல்லியைக் குவிச்சாரு. ரெண்டு விரல்ல தொங்க விட்டாரு.

கறுப்பு. அதே இடம். ரூபாய்க்காசு சைஸுக்கு.

அறையில ஏசி ஓடுச்சு. குலசேகருக்கு வேர்த்துச்சு.

"மேடம்."

"ம்."

"எனக்கும் கிழிஞ்சிருக்கு."

"ஆமா சார்" ன்னாங்க நஸ்ரீன். "கீழ கடையில நாலு டீ வாங்கிட்டு வந்துடுங்களேன்."

குலசேகர் கட்டில்லேர்ந்து இறங்கினாரு. இறங்கின கால் தரையில படும்போதே ஒரு பக்கமா சாஞ்சுது.

"நடக்கலாமா மேடம்?"

"வரும்போது நடந்துதானே சார் வந்தீங்க?"

"வரும்போது தெரியாதே."

அமலி வந்து அவர் தோளுக்கு அடியில கையைக் குடுத்தா. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வச்சு, கைப்பிடியைப் புடிச்சு இறங்கினாரு. கோச்சும் கூட வந்தாரு, முன்னால நின்னு தாங்கறதுக்கு.

டீக்கடைக்காரர் பாத்தாரு. "என்ன சார் கால்ல?"

"கிழிஞ்சிருச்சு."

"அய்யய்யோ. எப்போ சார்?"

"இப்பத்தான். மேல."

திரும்பி ஏறும்போது அமலி ஒரு கையில டீத் தூக்கு, ஒரு கையில டாக்டர். "மெதுவா சார். அவசரம் இல்ல" ன்னா.

மேல வந்து சேந்ததும் நஸ்ரீன் கட்டிலைக் காட்டினாங்க.

"கோச் சார், நீங்க உக்காருங்க. டாக்டர் சார், பாருங்க."

குலசேகர் புரோபைத் தொங்க விட்டாரு. கோச் முட்டியிலயும் அதே கறுப்பு.

விசில் நீளமா ஊதுச்சு. தெய்வசிகாமணி ரெண்டு கையாலயும் முட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

"ஒரு மாசமாவே ஒரு மாதிரிதான் சார் இருந்துச்சு. எதனாலன்னு இப்பத்தான் தெரியுது."

அமலி மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க. நான் போய் ஆட்டோ கூட்டிட்டு வர்றேன். இங்க ஓடக்கூடிய ஆளு நான் ஒருத்திதான்."

நஸ்ரீன் சிரிச்சாங்க. டீயைக் கீழ வச்சாங்க.

"சார், புரோபை எடுக்காதீங்க. அப்படியே வச்சிருங்க."

பக்கத்துல வந்து, தொங்கிக்கிட்டிருந்த குலசேகர் மணிக்கட்டுக்கு அடியில ஒத்தை விரலைக் குடுத்தாங்க. கொஞ்சமா நிமித்தினாங்க. படிய வாரின முடி கலையற அளவுக்குக் கூட இல்ல.

கறுப்பு மறைஞ்சுது.

திரையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெள்ளைக் கயிறு. ஒரு புரி விடாம, புதுசா முறுக்கின மாதிரி.

விரலை எடுத்தாங்க. மணிக்கட்டு தொங்குச்சு, புரோபு சாஞ்சுது. கறுப்பு வந்துச்சு.

விரலைக் குடுத்தாங்க. கறுப்பு போச்சு.

"கிழிசல் எங்க சார் இருக்கு?"

குலசேகர் திரையைப் பாத்தாரு. கோச் முட்டியைப் பாத்தாரு. கடைசியா தன் கையைப் பாத்தாரு. ரெண்டு விரல். மயிலிறகு.

விசில் கூட ஊதல.

"பன் குடுத்தது நான்தானே சார்" ன்னாங்க நஸ்ரீன். "பாதித் தப்பு என்னோடது."

*

அமலி கட்டில்ல படுத்தா. நஸ்ரீன் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஜன்னலோரமா போய் நின்னாங்க. திரைப்பக்கம் திரும்பவே இல்ல.

குலசேகர் புரோபைப் புடிச்சாரு. அமுக்கல. தொங்கவும் விடல. சின்னக் குழந்தை கையைப் புடிச்சு ரோட்டைக் கடக்கிற மாதிரி புடிச்சாரு. நீளவாட்டுல ஒரு தடவை. குறுக்குவாட்டுல ஒரு தடவை. அந்தக் கால், இந்தக் கால். எங்கயாவது கறுத்தா கையை நிமித்தினாரு. நிமித்தினா வெள்ளை. நேரா வச்சும் போகாத கறுப்பு ஒண்ணு கூட இல்ல.

"வலிக்குதாம்மா?"

"படத்தைக் கேளுங்க சார்."

குலசேகர் பேனாவைத் தேடினாரு. கட்டிலைச் சுத்தி, மேசையைச் சுத்தி, கதவு வரைக்கும் போய் வந்தாரு. சட்டைப் பையில இருந்துச்சு.

"இப்போ நொண்டலையே சார் நீங்க?" ன்னாரு கோச், தன் முட்டியை இன்னும் விடாம.

*

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பொளந்துச்சு.

அமலியோட முதல் ஓட்டத்துல கால் மிதிக்கிற கட்டையோட கோட்டைத் தாண்டிருச்சு. சிவப்புக் கொடி. அடுத்தது தாண்டினா, பத்தல. அதுக்கடுத்தது மறுபடி சிவப்பு. கடைசி வாய்ப்புக்கு அவ கையைத் தட்டிக்கிட்டே போய் நிக்கும்போது, முகாமுக்கு வேண்டிய தூரத்துல மணல்ல நட்டிருந்த குச்சி ஒண்ணு சும்மா நின்னு அவளையே பாத்துச்சு.

கோச் விசிலைக் கடிச்சாரு.

குலசேகர் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு, யாருக்கும் தெரியாம தன் மணிக்கட்டை நிமித்திப் புடிச்சிருந்தாரு.

அமலி ஓடி வந்தா.

கட்டையில அதே கால். டப்.

மறுபடி அதே கால். அதே முட்டி. டப்.

மறு கால். டப்.

அப்புறம் சத்தமே இல்ல. அவ காத்துல இருந்தா.

மணல் பீறிட்டுச்சு. குச்சியைக் காணோம். அவ குச்சிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தா, முகமெல்லாம் மணலோட, பின்னால திரும்பிக் கொடியைத் தேடிக்கிட்டு.

வெள்ளைக் கொடி மேல போச்சு.

மைதானமே எழுந்து நின்னுச்சு. மல்யுத்தப் பசங்க அவளைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஓடினாங்க. தெய்வசிகாமணி வாயைத் திறந்தாரு, வரலாற்றுல முதல் தடவையா. விசில் மணல்ல விழுந்துச்சு. அவர் என்னவோ கத்தினாரு. விசில் இல்லாம அவர் குரல் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. சின்னப் பிள்ளை குரல்.

விசிலை மறுநாள் மணலைத் தோண்டித்தான் எடுத்தாங்க.

*

நஸ்ரீன் அப்பதான் டீ குடிக்க உக்காந்தாங்க. கதவு படார்னு திறந்துச்சு.

"மேடம், தாண்டிட்டா."

"உக்காருங்க சார்."

"குச்சிக்கு அந்தப் பக்கம் மேடம். அதே கால்ல. அதே முட்டி."

"சந்தோஷம் சார். லிஃப்ட் சரி பண்ணிட்டாங்களா?"

"இல்லையே மேடம்."

"அப்போ விளம்பரம் எல்லாம் படிச்சிட்டு வந்தீங்களா?"

ஒரு திருப்பத்துலயும் நின்ன ஞாபகம் குலசேகருக்கு இல்ல. திரும்பி மாடிப்படியைப் பாத்தாரு.