வெண்ணெய் ராஜாவும் ஸ்தபதியின் தலைப்பாகையும்

ஒரு காலத்திலே மருதங்காவு என்ற நாட்டை இளங்கோமான் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தது நினைத்தபடி உடனே நடக்க வேண்டும். அவருடைய கொலுமண்டபம் ஒரே இருட்டு. பட்டப்பகலில் நூறு விளக்கு எரியும். நாட்டு எண்ணெயெல்லாம் அங்கேயே தீர்ந்து, தெருவிளக்குகள் அணைந்து கிடந்தன.

"நாளை முதல் பகலில் விளக்கே கூடாது" என்றார் ராஜா.

அரண்மனை ஸ்தபதி நாகலிங்கம் எழுந்தார். முந்தைய ராஜா தன் கையாலேயே கட்டிவிட்ட மஸ்லின் தலைப்பாகை அவர் தலையில். அதுதான் அவருக்கு உயிர். "கூரையில் யானை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு போதும், மகாராஜா."

"முதலில் சின்னதாகச் செய்து பார்க்கலாமே" என்றார் மந்திரி சொக்கப்பன்.

"பொம்மை வீடு கட்ட நான் சின்னப் பிள்ளையா? என் யோசனை தப்பினால் இந்தத் தலைப்பாகையை உம் காலடியில் வைக்கிறேன்."

மறுநாள் உச்சிப்பொழுதில் மந்திரி முற்றத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். அதே மண்டபம், அதே திறப்பு, எல்லாம் சிறிய அளவில். சிம்மாசனத்தில் ராஜாவுக்குப் பதில் ஒரு வெண்ணெய் உருண்டை.

நாகலிங்கம் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த துளை வழியே எட்டிப் பார்த்தார். "வெளிச்சம் அமோகம்" என்று மீசையை முறுக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து ராஜா குனிந்து பார்த்தார். "ஸ்தபதியாரே, நான் சிம்மாசனத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறேனே."

சபையே சிரித்தது. நாகலிங்கத்துக்குக் காது சுட்டது. முந்தின சாயங்காலம் இதே மந்திரி பட்டறைக்கு வந்து, "நாம் இருவர் மட்டும் சின்னதாகச் செய்து பார்த்துவிடுவோம், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கெஞ்சியிருந்தார். கொத்தனார்கள் முன்னால் மந்திரியை எள்ளி நகையாடி அனுப்பியிருந்தார் நாகலிங்கம். அது நினைவுக்கு வந்ததும் உடம்பே கூசிப்போனது. சபையின் சிரிப்புகூட அவ்வளவு வலிக்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மந்திரியின் காலடியில் வைத்தார்.

மந்திரி அதை எடுத்துப் பிரித்தார். ஒரு மடிப்பைத் திறப்பின் மேல் இழுத்துக் கட்டி, புது வெண்ணெய் வைத்தார். நாழிகை கடந்தது. வெளிச்சம் மூலைமுடுக்கெல்லாம் மென்மையாகப் பரவியிருந்தது. வெண்ணெய் ராஜா உருண்டையாகவே உட்கார்ந்திருந்தார்.

"பாதி யோசனை ஸ்தபதியாருடையது, மகாராஜா. துணியும் அவருடையதுதான்" என்றார் மந்திரி.

ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார். "அந்தத் துணியையே மண்டபத்தில் கட்டுங்கள். ஸ்தபதியார் அதன் கீழேயே உட்காரட்டும்."

அப்படியே ஆயிற்று. தெருவுக்கு எண்ணெய் திரும்பியது. மண்டபத்துக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து மெச்சினார்கள். நாகலிங்கம் மட்டும் வெறுந்தலையோடு தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வெளிச்சத்தில் தரை நன்றாகவே தெரிந்தது.