கம்பெனி கைவிட்ட திரை

"மேல பறக்கறப்ப இந்தத் திரை அணைஞ்சு போச்சுன்னா என்னங்க டீச்சர் பண்றது?"

பொன்னுரங்கம் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. ஜைனப் டீச்சரும் எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"ஏறுங்க ஐயா. பறக்கலாம்."

அது பதிலே இல்லை என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றும். ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

பல்லடம் பக்கம் நூல் மில் நடத்தியவர் அவர். மில்லை மகனிடம் கொடுத்துவிட்டு, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று, அறுபதை நெருங்கும் வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்த ஜைனப் டீச்சர் அவருடைய மகளைவிட இளையவர். சரக்கு விமானம் ஓட்டிவிட்டு வந்தவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

பழைய விமானம் ஒன்று விலைக்கு வந்தது. நாலு பேர் உட்காரலாம். பொன்னுரங்கம் வாங்கினார்.

ஓட்டுபவருக்கு எதிரே ஒரு திரை. உயரம், வேகம், போகிற திசை, இருக்கிற இடம், இறக்கை சாய்கிறதா நேராக இருக்கிறதா, எல்லாம் அந்த ஒன்றில்தான். அதைத் தவிர, கண்ணாடிக்கு மேலே திசை காட்டும் பழைய காம்பஸ் ஒன்றும் பெட்ரோல் முள்ளும் மட்டும்.

அதைச் செய்த கம்பெனி கடல் தாண்டி இருந்தது. ஒரு நாள் அது அறிவித்துவிட்டது. இந்தத் திரையை இனிமேல் பழுது பார்க்க மாட்டோம். பாகங்களும் கிடையாது.

பொன்னுரங்கம் போன் போட்டார். பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்களாம். புது மாடல் வாங்கிக்கொள்ளலாமாம். அது இந்த விமானத்தில் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தாது என்றான். பொருத்த வேண்டுமென்றால் முன்பக்கத்தையே பிரித்து, புதிதாக அனுமதி வாங்க வேண்டும். எவ்வளவு காலம் ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உங்களை நம்பித்தானே வாங்கினேன்" என்றார் பொன்னுரங்கம்.

அவன் நன்றி சொன்னான். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான்.

அதன் பிறகும் அவர் விடவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குரல். பதில் மட்டும் மாறவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பனிமூட்டத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது திரை ஒரு தரம் மினுக்கியது. கண் இமைக்கும் நேரம்தான். உடனே சரியாகிவிட்டது.

பொன்னுரங்கம் சரியாகவில்லை.

அன்றிலிருந்து பறக்கும்போதெல்லாம் அவர் கண் திரையைவிட்டு நகராது. கீழே சோளம் அறுக்கிறார்கள் பாருங்கள் என்பார் டீச்சர். அவர் பார்க்காமலே தலையாட்டுவார். தரையில் இருந்தால் வேறு விதம். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் வாய் முணுமுணுக்கும். திரை போச்சா, இறக்கையை நேராக்கு. காம்பஸைப் பார். கீழே என்ன தெரிகிறது. அவர் மனைவி சரோஜினி, மனுஷன் ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். விஷயம் தெரிந்ததும் விமானத்தை விற்றுத் தொலையுங்கள் என்றாள்.

பங்குனியில் அவரும் பறப்பதை விட்டுவிடும் முடிவுக்கு வந்தார்.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும் டீச்சர். இதோட ஹேங்கர் கொட்டகையைப் பூட்டிடறேன். என்னால முடியலீங்க."

டீச்சர் கதவைத் திறந்தார்.

"சரிங்க ஐயா. ஏறுங்க."

சாயங்கால வெயில். தரையிலிருந்து எழும்பிய புழுதி வானத்தில் பாதியை மூடியிருந்தது. காற்றாலைகளைத் தாண்டித் தெற்கே போனார்கள். பொன்னுரங்கத்தின் கண் திரையில் இருந்தது.

அப்போதுதான் ரேடியோவில் அந்தக் குரல் வந்தது.

வேதவல்லியின் குரல். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். நாற்பதைத் தாண்டியபின் ஆசைப்பட்டு இதே விமான மைதானத்தில் கற்றுக்கொள்ள வந்தவர். அன்று மைதானத்துப் பறக்கும் கிளப்பின் விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்பே கிளம்பியிருந்தார். அந்த விமானத்திலும் இதே கம்பெனியின் திரைதான்.

ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். வேதவல்லிக்கு அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது.

"டீச்சர், திரை போயிருச்சு. கருப்பா இருக்கு. எங்க இருக்கேன்னே தெரியல."

பொன்னுரங்கம் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் தன் பக்கத்துப் பேச்சுப் பொத்தானைத் தொடவில்லை.

"நீங்க பேசுங்க ஐயா."

"நானுங்களா?"

"திரை போனா என்ன பண்றதுன்னு உங்க அளவுக்கு யோசிச்சவங்க நம்ம மைதானத்துல யாரும் இல்லைங்க. நான்கூட இல்லை."

"டீச்சர்" என்று மறுபடி கூப்பிட்டது ரேடியோ. இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

பொன்னுரங்கம் பொத்தானை அழுத்தினார். என்ன பேசுவது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அம்மிணி, நான் பொன்னுரங்கம். அந்தத் திரையை விட்டுருங்க. அது வராது. வெளிய பாருங்க. வானமும் மண்ணும் சேர்ற இடம் தெரியுதுங்களா?"

மங்கலாகத் தெரிகிறது என்றார் வேதவல்லி.

"அது போதும். இறக்கையை அதுக்கு நேரா வைங்க. எஞ்சின் சத்தம் மாறாமப் பாத்துக்கங்க. கண்ணாடிக்கு மேல காம்பஸ் மிதக்குது பாருங்க, அதுக்குக் கரண்டே வேண்டாம். என்ன காட்டுது?"

தெற்கு என்றார் வேதவல்லி.

தெற்கே மலை. இந்தப் புழுதியில் கிட்டப் போகும் வரை அது தெரியாது. டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே தேடிக்கொண்டிருந்தார்.

மலை என்ற சொல்லைப் பொன்னுரங்கம் எடுக்கவில்லை. காம்பஸில் வடக்கு வரும் வரை இடது பக்கமாக மெதுவாகத் திரும்பச் சொன்னார். அவசரம் ஒன்றும் இல்லை என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் வர நேரமானது.

"திரும்பிட்டேனுங்க" என்றது குரல்.

கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார். தென்னந்தோப்பு, எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு என்று சொல்லும்போதே வேதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. தென்னை அல்லாத ஒன்று வரும் வரைக்கும் அப்படியே வாருங்கள், வந்ததும் சொல்லுங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன் என்றார் பொன்னுரங்கம். அவர் சும்மா இருக்கவும் இல்லை. பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டார். இன்று கல்லூரியில் என்ன பாடம் நடத்தினீர்கள் என்றும் கேட்டார். ஒளி விலகல் என்று பதில் வந்தது. கேட்டுக்கொண்டே தன் விமானத்தை மேற்கே திருப்பினார். தென்னந்தோப்பு அதிகம் அந்தப் பக்கம்தான், ஒருவேளை அங்கே இருப்பார்.

"வாய்க்கா தெரியுதுங்க. தண்ணி மின்னுது. ஒரு இடத்துல அருவா மாதிரி வளையுது."

அந்த வளைவை அவருக்குத் தெரியும். காற்றாலைகள் எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது பக்கம் என்றார் வேதவல்லி. அங்கே ஒன்று மட்டும் சுற்றாமல் நிற்கிறதாம்.

பொன்னுரங்கம் வாய்க்காலைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். சுற்றாத காற்றாலையைப் பார்த்தார். அதற்கும் அப்பால், புழுதிக்குள், ஊசிமுனை போல ஒரு வெள்ளை.

டீச்சரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கிட்டப் போன பிறகு பொன்னுரங்கம் பேசினார். "அம்மிணி, வலது பக்கம், கொஞ்சம் மேல பாருங்க."

ரேடியோ சற்று நேரம் இரைந்தது.

"பாத்துட்டேன்" என்றார் வேதவல்லி. "உங்களைப் பாத்துட்டேனுங்க."

"அப்ப என் பின்னாலயே வாங்க."

மைதானம் வந்ததும் வேதவல்லியை முதலில் இறங்கவிட்டு மேலே வட்டமடித்தார்கள். அந்த விமானம் தரையில் இரண்டு தரம் எகிறிக் குதித்தது. பிறகு ஓடியது. பிறகு நின்றது.

பொன்னுரங்கமும் இறங்கினார்.

வேதவல்லி இறக்கை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பொன்னுரங்கம் புழுதியிலேயே எதிரில் உட்கார்ந்துகொண்டார். பிறகு வேதவல்லி அவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டீச்சர் கிளப்பின் விமானத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஐயா, அவங்க கூப்பிட்டதுல இருந்து நாம இறங்கற வரைக்கும், உங்க திரை ஒரு தடவையாவது மினுக்குச்சுங்களா?"

பதில் சொல்லப் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். ஒவ்வொரு நாளும் இறங்கியதும் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.

அருவாள் வளைவு ஞாபகம் வந்தது. சுற்றாத காற்றாலை ஞாபகம் வந்தது. தண்ணீர் மின்னியது, ஒளி விலகல், ஊசிமுனை வெள்ளை, ஒவ்வொன்றாக வந்தது. திரை மட்டும் வரவில்லை.

"தெரியலீங்க டீச்சர்" என்றார்.