அலமேலு யானை நாய்க்குட்டிக்கு இடம் பார்த்த கதை

அலமேலு என்ற யானை ஒரு நாய்க்குட்டியை வளர்த்து வந்தது. அதன் பெயர் சுண்டு. யானை நாய் வளர்க்குமா என்று நீங்கள் கேட்காதீர்கள். காட்டில் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். சுண்டு பக்கத்தில் இல்லாவிட்டால் அலமேலுவுக்குச் சாப்பாடே இறங்காது.

கோடையில் யானைக் கூட்டம் மூங்கில் தேடி ஆற்றின் அக்கரைக்குக் கிளம்பியது. போய்வரப் பத்து நாளாகும். சுண்டுவை முதுகில் ஏற்றிப் போகலாமென்றால், கூட்டத் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"போன தடவை இது குரைச்ச குரைப்புல ஒரு வேளைகூட நிம்மதியா சாப்பிட முடியல! எங்கேயாவது விட்டுட்டு வா!" என்றது.

அந்தக் காட்டில் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இரண்டே இரண்டு. பாறை மேல் மயில் நடத்துவது ஒன்று. பாறையின் அடிவாரத்தில் முள்ளம்பன்றி நடத்துவது மற்றொன்று.

அலமேலு முதலில் முள்ளம்பன்றியின் வளைக்குப் போனது.

"வாம்மா! குட்டி என்ன சாப்பிடும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"நான் என்ன கொடுத்தாலும் சாப்பிடும்."

"எந்தப் பக்கமா படுத்துத் தூங்கும்?"

அலமேலு விழித்தது. "அதையெல்லாம் யாரு பார்த்தா, அக்கா?"

"சரி, எதுக்குப் பயப்படும்?"

"இடின்னா நடுங்கிடும். இருட்டா ஒரு பொந்து கிடைச்சா போதும், உள்ளே போய் ஒளிஞ்சுக்கும்."

"அப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டா வெளியே வரும்?"

அலமேலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னக்கா இது! எல்லாத்தையும் என்கிட்டயே கேட்கிறே! உனக்கே ஒண்ணும் தெரியலைன்னா எப்படிப் பார்த்துக்குவே?"

பதில்கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று பாறை மேல் ஏறியது.

மயில் கழுத்தை வளைத்து வரவேற்றது. "வாங்க, வாங்க! தழை மெத்தை இருக்கு! மூணு வேளை சாப்பாடு உண்டு! விளையாட இவ்வளவு பெரிய பாறை இருக்கு!"

"சுண்டுவைப் பத்தி ஏதாவது கேட்கணுமா?"

"எதுக்குங்க? எனக்குத் தெரியாத குட்டியா! கவலையில்லாம போய்ட்டு வாங்க!"

அலமேலுவுக்கு மனம் குளிர்ந்தது. சுண்டுவை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்தது.

அன்று மதியமே வானம் கறுத்தது. மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்த அலமேலு அண்ணாந்து பார்த்தது. மேகத்தைக் கண்டால் மயில் என்ன செய்யும்? அடடா! ஒடித்த மூங்கிலைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஆற்றில் இறங்கியது.

பாறை மேல் மயில் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது.

"சுண்டு எங்கே?" என்று அலறியது அலமேலு.

"இங்கேதாங்க இருந்தது..."

"இடி இடிச்சா அது நடுங்குமே!"

"நீங்க சொல்லவே இல்லையே!"

"நீ கேட்கவே இல்லையே!"

அலமேலு மழையில் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "சுண்டு! சுண்டு!" என்று கத்திக்கொண்டே தேடியது. பின்பக்கம் ஒரு சின்னப் பொந்து. அதன் வாயில் முள்ளம்பன்றி தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தது.

"கத்தாதே! உள்ளேதான் இருக்கு" என்றது முள்ளம்பன்றி.

"நீ எப்படிக்கா இங்கே வந்தே?"

"முதல் இடி கேட்டதுமே வந்துட்டேன். ஒவ்வொரு பொந்தா தேடிக் கண்டுபிடிச்சேன். ஆனா வெளியே வரமாட்டேங்குது. என்ன சொல்லிக் கூப்பிடணும்னு நீதான் சொல்லாமலே போயிட்டியே!"

அலமேலுவுக்கு வெட்கம் தாங்கவில்லை. மண்டியிட்டு, தும்பிக்கையைப் பொந்துக்குள் விட்டு, "என் தங்கக்கட்டி!" என்று மெல்லக் கூப்பிட்டது. ஈர மூக்கு ஒன்று தும்பிக்கை நுனியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அலமேலு முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பியது. "இன்னும் என்னென்ன கேட்கணும்? கேளுக்கா!"

நாம் உயிராய் வளர்ப்பதை யாரிடமாவது விட்டுப்போக நேர்ந்தால், எல்லாம் தெரியும் என்பவரை விட்டுவிட்டு, அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பவரையே நம்ப வேண்டும்.